சங்கத்துக்காகப் பேச வந்திருப்பவர்களுக்கு: நீலகிரியின் ஆதிவாசி அமைப்புகளில் செய்தித் தொடர்பு வேலையைத் தொடங்குவது எப்படி

இந்த வேலை பெரும்பாலும் இப்படித்தான் ஒருவர் கைக்கு வருகிறது. சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது தலைவர் சொல்வார்: "நீ பிளஸ் டூ முடிச்சிருக்க, நல்ல போனும் வச்சிருக்க. இனிமே பேப்பர்காரங்க, ஃபேஸ்புக்கு, நன்கொடை கேக்கறது எல்லாம் நீ பாத்துக்கம்மா." அதுதான் நியமன உத்தரவு. பயிற்சி கிடையாது, தனிச் சம்பளமும் கிடையாது. மறுநாளே யாரோ ஒரு நிருபர் போனில் கூப்பிடுவார்.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்துச் சின்னச் சங்கங்கள், டிரஸ்டுகள், மகளிர் குழுக்கள் பலவற்றுக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தும் எழுதக் கற்றுக் கொடுத்தும் வருகிறேன். அப்படி வந்த பழக்கத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கொடைக்கானல் மலையில் பளியர், புலையர் மக்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஊருக்குத் தெரியாத எந்தச் செய்தியையும் வெளியே அனுப்பாதீர்கள். இந்த மலை மக்களைப் பற்றி வெளியாட்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக எழுதியிருக்கிறார்கள், படம் பிடித்திருக்கிறார்கள். எழுதப்பட்டவர்களிடம் அதைப் படித்துக் காட்டியவர்கள் எத்தனை பேர்? உங்கள் சங்கம் அந்தப் பழக்கத்தைத் தொடரக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் வருகிறது.

முதல் மாதம் எதையும் பதிவிட வேண்டாம்

ஃபேஸ்புக் பக்கம் தொடங்கும் அவசரம் எல்லோருக்கும் வரும். ஒரு மாதம் பொறுங்கள். சங்கம் வேலை செய்யும் ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் உட்காருங்கள். மூன்று கேள்விகள் போதும்: இந்தச் சங்கத்தால் உங்கள் வீட்டில் என்ன மாறியது? எது மாறவில்லை? வெளியாட்களிடம் உங்களைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை மட்டும் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் அடிக்கடி அந்தப் பக்கத்தைத்தான் புரட்டப் போகிறீர்கள்.

பெயர்களைச் சரியாகப் பழகிக்கொள்ளவும் இந்த மாதம்தான் நேரம். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருப்பவர்கள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு மக்களும் நீலகிரியில் இருக்கிறார்கள். குறும்பர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது. கோத்தகிரிப் பக்கத்து ஆலுக் குறும்பர் வேறு, கூடலூர்ப் பக்கத்துப் பெட்டக் குறும்பரும் முள்ளுக் குறும்பரும் வேறு. தோடர் குடியிருப்பு மந்து, கோத்தர் ஊர் கோக்கால். இதையெல்லாம் "மலைவாசிகள்" என்ற ஒரே மூட்டையில் கட்டி எழுதினால், உங்கள் நோட்டீஸை முதலில் கீழே வைப்பவர் அந்த ஊர்க்காரராகத்தான் இருப்பார். "அப்பாவி மக்கள்", "நாகரிகம் எட்டாத" போன்ற சொற்களை இன்றே விட்டுவிடுங்கள்.

அப்புறம், முன்னால் நடந்தவர்களைப் போய்ப் பாருங்கள். கோத்தகிரியில் 1958-ல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் இருக்கிறது. கூடலூரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும் அதையொட்டி வளர்ந்த ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. கோத்தகிரியிலேயே ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. 2013-ல் பதிவான அந்த நிறுவனத்துக்குப் பங்குதாரர்களே ஆதிவாசி மக்கள்தான். 2021-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது. தேனும் மிளகும் காப்பியும் விற்கிற ஒரு மலை நிறுவனம் தன்னைப் பற்றி எப்படிப் பேசுகிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அரவேணு தாண்டுவதற்குள் சொல்லி முடியுங்கள்

சங்கம் என்ன செய்கிறது என்பதை இரண்டு வரியில் சொல்லத் தெரிய வேண்டும். பழைய நோட்டீஸ்களில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பழங்குடியின மக்களின் ஒருங்கிணைந்த மேம்பாட்டுக்காக அயராது உழைத்துவரும் தன்னார்வத் தொண்டு அமைப்பு." இதை எந்த ஊரிலும் எந்த அமைப்பும் போட்டுக்கொள்ளலாம். படிப்பவர் மனத்தில் ஒன்றும் நிற்காது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "கோத்தகிரிக்குக் கீழே ஏழு ஊர்களில் இருளர், குறும்பர் குடும்பங்கள் எடுக்கும் தேனையும் காப்பியையும் இடைத்தரகர் இல்லாமல் விற்றுத் தருகிறோம். மிஞ்சும் பணத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம்." யார், எங்கே, என்ன என்று மூன்றும் வந்துவிட்டது.

சோதிக்க ஒரு வழி உண்டு. கோத்தகிரியில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறுகிறீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்கிறார். பக்கத்திலேயே வரும் அரவேணுவை பஸ் தாண்டுவதற்குள் அவருக்குப் புரிய வேண்டும். இன்னும் கீழே இருக்கும் குஞ்சப்பனை வரைக்கும் விளக்கிக்கொண்டிருந்தால் இன்னும் சுருக்க வேண்டும்.

இந்த இரண்டு வரியைச் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள். இருளரிலும் குறும்பரிலும் யாராவது தங்கள் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். அப்படிச் சொல்லும்போது வேறு சொல் வந்தால், பெரும்பாலும் அந்தச் சொல்தான் சரியான சொல்.

வெளியே போகும் முன் ஊருக்குள்

மார்க்கெட்டிங் என்றாலே வெளியாட்களிடம் பேசுவது என்று நினைக்கிறோம். உங்கள் முதல் கேட்பாளர்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்குத் தெரியாமல் சங்கம் பெயர் வாங்கினால், "நம்ம பேரைச் சொல்லி யாரோ காசு பாக்கறாங்க" என்ற பேச்சு ஒரே சந்தை நாளில் எல்லா ஊருக்கும் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் எழுத்தைவிடக் குரல் செய்தி அனுப்புவது நல்லது. தோட மொழிக்கும் கோத்த மொழிக்கும் இருளருக்கும் தனி எழுத்து வழக்கத்தில் இல்லை. தமிழில் நீளமாக எழுதினால் வயதானவர்கள் படிக்க மாட்டார்கள். ஒரு நிமிஷத்துக்குள் அந்த ஊர்ப் பெண்ணோ பையனோ அவர்கள் பேச்சிலேயே சொல்லி அனுப்பட்டும். சிக்னல் இல்லாத ஊர்களுக்கு அங்கன்வாடிச் சுவரிலும் ரேஷன் கொடுக்கும் இடத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்.

கணக்கையும் ஊரில் சொல்ல வேண்டும். நான் பார்த்ததிலேயே நல்ல கணக்கு வாசிப்பு ஒரு குறும்பர் ஊரில் நடந்தது. சங்கத்துக் கணக்கெழுதும் பெண் ஆடிட் தாளை எடுக்கவேயில்லை. முறத்தில் நூறு அவரைக் கொட்டையைக் கொட்டினார். "போன வருஷம் வந்த காசு இதுன்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தேன் வாங்கியதற்கு ஒரு குவியல், டீச்சர் சம்பளத்துக்கு ஒன்று, ஜீப் வாடகைக்கு ஒன்று என்று பிரித்து வைத்தார். ஒரு பாட்டி ஜீப் குவியலைக் கையில் அள்ளிப் பார்த்து, "இது எதுக்கு இத்தனை?" என்று கேட்டார். அரை மணி நேரம் பேச்சு நடந்தது. அடுத்த வருஷம் ஜீப் செலவு குறைந்தது. அந்த முறத்தைப் படம் பிடித்து, ஊரின் அனுமதியோடு நன்கொடையாளர்களுக்கும் அனுப்பினார்கள். எந்த ஆண்டறிக்கைக்கும் வராத அளவு பதில் அதற்கு வந்தது.

படம் எடுக்கும் முன்

இதில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒரு சங்கத்துக்குக் காலண்டர் தயாரித்துக் கொடுத்தேன். வாசலில் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்ததில், கிழிந்த போர்வையோடு குனிந்திருந்த படத்தைத் தேர்ந்தெடுத்தேன். பார்ப்பவர் மனம் இரங்கும் என்று கணக்குப் போட்டேன். ஜனவரியில் அந்தக் காலண்டர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைச் சுவரில் தொங்கியது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கோபப்படவில்லை. "நல்ல சேலை உள்ளே பெட்டியில இருந்துச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கட்டிட்டு வந்திருப்பேனே" என்றார். அந்தச் சேலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது.

படம் எடுக்கும் முன் எதற்கு என்று சொல்லுங்கள். "போட்டோ எடுத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "காலண்டரில் போடுவோம், கோயம்புத்தூர்க்காரர்கள் வீட்டில் ஒரு வருஷம் தொங்கும்" என்று முழுசாகச் சொல்லுங்கள். எடுத்தபின் போனைத் திருப்பிக் காட்டுங்கள், எது போகலாம் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். பெயரைப் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். சரி என்று சொன்ன தேதியையும் சாட்சியாக நின்றவர் பெயரையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கைநாட்டு வாங்கிய தாளைவிட, அவர்கள் பேச்சிலேயே "எனக்குச் சம்மதம்" என்று சொல்லும் சின்னக் குரல்பதிவு மேல். பின்னால் அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டமே கடுமையாக இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையென்றால் போக்சோ சட்டமும் தடுக்கிறது. ஊரைச் சொல்லி, அப்பா பெயரைச் சொல்லி, முகத்தை மட்டும் மங்கலாக்கினாலும் அடையாளம் தெரிந்துவிடும். சின்ன ஊர்களில் இது இன்னும் சுலபம்.

கோயிலும் சடங்கும் அடுத்தது. தோடர் கோயிலுக்குள் பெண்களோ வெளியாட்களோ போக முடியாது, பக்கத்தில் போவதற்கே எல்லை உண்டு. கோத்தர் திருவிழாவிலும் எந்த நாள் வெளியாட்களுக்கு, எந்த நாள் ஊருக்கு மட்டும் என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படம் நன்றாக இருக்கிறது என்பது ஒரு காரணமே ஆகாது.

பேப்பரும் ரேடியோவும்

நீலகிரிச் செய்திகள் பெரும்பாலும் கோவைப் பதிப்புகளில் வருகின்றன. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று ஒவ்வொரு பகுதிக்கும் நிருபர்கள் இருப்பார்கள், பலர் பகுதி நேரமாக. ஒரு நோட்டில் அவர்கள் பெயரும் எண்ணும் இருக்கட்டும். செய்தி இல்லாத நாளில் ஒரு முறை நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். உதவி வேண்டும்போது மட்டும் கூப்பிடுகிறவர்களை யாருக்கும் பிடிக்காது.

செய்திக்குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் வரியிலேயே என்ன நடந்தது என்று வந்துவிட வேண்டும். "விழா இனிதே நடைபெற்றது. தலைவர் வரவேற்றார், பொருளாளர் முன்னிலை வகித்தார்" என்று தொடங்கினால் நிருபர் மூன்றாவது வரிக்கு வர மாட்டார். "மூன்று வருஷமாகத் தெருவிளக்கு இல்லாத இருளர் குடியிருப்புக்குச் சோலார் விளக்கு கேட்டு, ஊர்ப் பெண்கள் நாற்பது பேர் திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள்" என்று தொடங்குங்கள். முன்னிலை வகித்தவர்கள் பெயர் கடைசியில் இருக்கட்டும். அவர்களுக்கு வருத்தம் வராமல் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் உங்கள் வேலைதான். கூடவே பேட்டிக்குத் தயாராக இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். அவர் சங்கத் தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, விளக்கில்லாமல் இருட்டில் நடக்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது. மத்தியானத்துக்குள் அனுப்பிவிடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் இருக்கின்றன. டீத்தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களும் ரேடியோ கேட்கிறார்கள். எழுதப் படிக்கத் தயங்கும் ஒரு தேன் எடுக்கும் பெரியவர் மைக் முன்னால் அருமையாகப் பேசுவார், அவரைக் கூட்டிப் போங்கள்.

விற்பனை: பொருளில் ஒட்டும் சீட்டில் என்ன எழுதுவது

ஊட்டி போகும் வழியெல்லாம் "100% சுத்தமான மலைத்தேன்" என்று போர்டு தொங்குகிறது. நீங்களும் அதையே எழுதினால் உங்கள் தேனும் அந்த வரிசையில் ஒன்றாகிவிடும். "பாறையில் பெருந்தேனீ கட்டிய தேன். கீழ்க்கோத்தகிரிப் பக்கம், மே மாதம் எடுத்தது" என்று எழுதுங்கள். காட்டுத்தேன் இளகலாக இருக்கும், பருவத்துக்குப் பருவம் நிறமும் ருசியும் மாறும். வாங்குகிறவர் அதைக் கலப்படம் என்று நினைத்துவிடுகிறார். ஏன் மாறுகிறது என்று இரண்டு வரி சீட்டிலேயே இருந்தால் புகார் குறையும்.

எழுதக் கூடாததும் இருக்கிறது. "சர்க்கரை நோய் குணமாகும்" என்று போடவே கூடாது. அப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு 1954-ம் வருஷத்திலிருந்தே சட்டத் தடை உண்டு. எழுதியாக வேண்டியவை: எடை, விலை, நிரப்பிய தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் எண், முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண். தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆகவே நிரப்பும் முன் அளந்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் கண்ணாடி பாட்டிலும் காகிதப் பையும் வேண்டும். பேனரும் ஃப்ளெக்ஸில் வேண்டாம், துணியில் எழுதுங்கள்.

தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் மிஷினில் அடித்த நகல்கள் கடைகளில் தொங்குகின்றன. விலை ஏன் கூடுதல் என்று வாங்குகிறவருக்குக் காட்ட வேண்டும். அதற்குச் சிறந்த விளம்பரம் முப்பது விநாடி வீடியோதான். வெள்ளைத் துணியில் அச்சு எதுவும் வரையாமல், இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக ஊசி ஏறுவதை அருகில் வைத்து எடுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம், தைக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கேட்கட்டும். ஒரு சால்வைக்கு எத்தனை நாள் ஆகிறது, விலையில் தைத்தவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று சீட்டில் போடுங்கள். அதைப் போடத் தயங்கும் நிலை இருந்தால், முதலில் அந்தப் பங்கைச் சரிசெய்ய வேண்டும். சீட்டு அப்புறம்.

கூட்டம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். ஊட்டி மலர்க் கண்காட்சி, கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி, கூடலூர் வாசனைத் திரவியக் கண்காட்சி எல்லாம் கோடை விழாவில் வரும். கொடைக்கானலில் மலர்க் கண்காட்சி பிரையண்ட் பூங்காவில் நடக்கும். ஸ்டாலுக்குப் பொங்கல் முடிந்ததுமே கேட்டு வைத்துவிடுங்கள். ஸ்டாலில் நிற்பவர் பொருளைச் செய்தவராக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் பில் போடுங்கள்.

நன்கொடை

பணம் வந்தால் அன்றே ரசீது, ஒரு வாரத்துக்குள் நன்றி. நன்றியில் ஊர்ப் பிள்ளையின் குரல்பதிவு ஒன்று இருந்தால் போதும். 80ஜி என்று எல்லோரும் சொல்லும், கொடுத்தவருக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகைக்குச் சங்கம் பதிவு பெற்றிருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு பிறகு நோட்டீஸில் போடுங்கள். இல்லாததைப் போட்டால் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, ஆகவே யுபிஐயோ செக்கோ கேளுங்கள். கியூஆர் அட்டை சங்கத்தின் வங்கிக் கணக்கோடுதான் சேர்ந்திருக்க வேண்டும், தலைவரின் சொந்தக் கணக்கோடு ஒருபோதும் வேண்டாம்.

சுற்றுலா ஊரில் இருக்கிறோம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் உங்கள் ஸ்டாலில் ரூபாய் நோட்டாக நன்கொடை கொடுத்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வாங்க முடியும். அவரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஒரு பாட்டில் தேன் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். விலைக்கு வாங்குவது நன்கொடை ஆகாது.

கோவை, திருப்பூர் கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி வேண்டுமென்றால், அதை வாங்கும் சங்கங்களுக்கான சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும்: என்ன வேலை, எந்த ஊர், எத்தனை குடும்பம், எவ்வளவு செலவு, போன வருஷம் என்ன முடித்தோம், எது முடியவில்லை. முடியாததையும் எழுதுங்கள், நம்பிக்கை அதில்தான் வருகிறது.

ஃபேஸ்புக்கும் பாஸ்வேர்டும்

ஒரு சின்னச் சங்கத்துக்கு ஒரு பக்கமும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் போதும். வாரம் ஒரு பதிவு, தவறாமல். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் ஸ்டாலில் பில் போடும்போதே "இந்த எண்ணை சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு சங்கத்தில் பக்கத்தை நடத்திய தம்பிக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. அவருடைய சொந்த ஜிமெயிலில் திறந்திருந்த பக்கம். பழைய எண் மாறிவிட்டது, பாஸ்வேர்டு மறந்துவிட்டது. ஆறு வருஷப் படங்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, உறை ஒட்டி, பொருளாளரின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். பக்கத்துக்கு எப்போதும் இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும்.

அந்த இரண்டாவது ஆளைத் தேடும் வேலையை முதல் மாதமே தொடங்குங்கள். மந்திலோ கோக்காலிலோ பதி என்னும் குடியிருப்பிலோ வளர்ந்த, பேசப் பிடிக்கிற ஒரு பெண்ணோ பையனோ கண்டிப்பாக இருப்பார்கள். மூன்று மாதம் அவர் உங்கள் கூட வரட்டும். நான்காவது மாதம் செய்திக்குறிப்பை அவர் எழுதட்டும், நீங்கள் எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள். ஆறாவது மாதம் நிருபர் கூப்பிட்டால் அவருடைய எண்ணைக் கொடுங்கள்.